அப்பாவின் சொரியாசிஸும் ஐஎல்-17 ஊசியும்: எதிர்ப்புச் சக்தி கூடியதா, குறைந்ததா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 52 வயது, காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முழங்கை, முழங்கால், தலை என்று பல வருஷமாக சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் நோய்), இப்போது உள்ளங்கையிலும் வெடிப்பு. மருத்துவர் "ஐஎல்-17 என்ற ஒன்றைத் தடுக்கும் ஊசி போடலாம்" என்றிருக்கிறார். அது என்ன, ரத்தத்தில் பார்க்க முடியுமா, ஊசி போட்டால் அடியோடு போய்விடுமா, கருவாடும் கத்திரிக்காயும்தான் காரணமா, மணலி ஆலைப் புகையா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அப்பாவின் எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? கூடிவிட்டது என்று அதை அடக்கப் போனால் வேறு நோய் வந்து ஆளையே சாய்த்துவிடாதா? வடசென்னையில் தோல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்பாவை நேரில் பார்க்காமல் எழுதுவதால் இது அவருக்கான மருந்துச் சீட்டு கிடையாது.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடம்பின் செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள மிகச் சிறிய புரதங்களை வெளியே விடுகின்றன. பொதுவாக இவற்றைச் சைட்டோகைன் என்கிறோம். அவற்றில் பலவற்றுக்கு இன்டர்லூகின் என்று பெயர், ஐஎல் என்பது அதன் சுருக்கம், எண் கண்டுபிடித்த வரிசையை ஒட்டி வைத்தது. ஒரு செல் விடும், பக்கத்துச் செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடிக்கும், பிடித்த செல் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். ஐஎல்-17 உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வாய், தோல், குடல் ஆகியவற்றில் கேண்டிடா என்ற பூஞ்சை வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கியமான வேலை. பிறவியிலேயே இந்தச் சேதிப் பாதை பழுதான சிலருக்கு வாயிலும் நகத்திலும் தீராத பூஞ்சைத் தொற்று இருக்கும். ஆகவே அப்பாவின் உடம்பில் ஏதோ விஷம் புதிதாக ஊறவில்லை. தோலின் சில இடங்களில் மட்டும், நல்ல வேலைக்கான ஒரு சேதி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொரோனா காலத்தில் ஐஎல்-6 பரிசோதனை எழுதிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள், இதற்கும் அப்படி ஒன்று உண்டா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. ஐஎல்-17 வேலை செய்வது தோலுக்குள்ளே, வெளியான இடத்துக்கு மிக அருகில். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து சொரியாசிஸ் என்று சொல்லவும் முடியாது, ஊசி வேண்டுமா என்று முடிவெடுக்கவும் முடியாது. நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கண்ணும் கையும்தான். வெள்ளைச் செதிலை மெல்லச் சுரண்டினால் மெழுகு போல உதிரும், அதன் அடியில் ஊசி முனையால் குத்தியது போலப் பொட்டுப் பொட்டாக ரத்தம் தெரியும். ரத்தக் குழாய்கள் விரிந்து மேல்பரப்புக்கு மிக அருகில் வந்துவிட்டதால் அப்படி. (வீட்டில் சுரண்டிப் பார்க்க வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.) இன்னொன்று: பாடப் புத்தகப் படங்களில் இருக்கும் செக்கச்செவேல் என்ற நிறத்தை நம் தோலில் தேடாதீர்கள். நமக்கு அது கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ இருக்கும், ஆறிய பிறகு கறுத்தோ வெளுத்தோ ஒரு தடம் விடும். அந்தத் தடத்தை நோய் என்று நினைத்து மாதக் கணக்கில் களிம்பு தேய்ப்பவர்கள் நிறையப் பேர்.

சேதி ஏன் நிற்பதில்லை என்பதுதான் இந்த நோயின் மையம். தோலில் ஒரு சிராய்ப்பு, அல்லது தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, இப்படி ஏதோ ஒன்று தொடக்கிவைக்கிறது. அடிபட்ட தோல் செல்கள் கிருமியைக் கொல்லும் எல்எல்-37 என்ற சிறு புரதத்தை விடுகின்றன. அது இறந்த செல்களிலிருந்து சிந்திய நம் சொந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அந்தக் கூட்டை, காவலுக்கு இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைச் சேதியை விடுகின்றன. அதைத் தொடர்ந்து டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைனும் ஐஎல்-23உம் வருகின்றன. ஐஎல்-23, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகையை வளர்த்துத் தங்கவைக்கிறது, அந்த டி செல்கள் ஐஎல்-17, ஐஎல்-22 இரண்டையும் கொட்டுகின்றன. இவை படும் தோல் செல் தறிகெட்டுப் பெருகுகிறது. சாதாரணமாக அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும் செல், சில நாட்களிலேயே பாதி வளர்ச்சியில் மேலே வந்து குவிகிறது. நாம் பார்க்கும் செதில் அதுதான். இங்கேதான் முடிச்சு: அந்தத் தோல் செல்லே மறுபடி கிருமிநாசினிப் புரதங்களையும், காவல் செல்களை அழைக்கும் சேதிகளையும் விடுகிறது. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கோயில் வாசலில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் 'கொய்ங்' என்று கிளம்புமே, அதே கதைதான். யாரும் பேசவே வேண்டாம், தன் சத்தத்தைத் தானே கேட்டுத் தானே பெருக்கிக்கொள்ளும். சொரியாசிஸில் தோல் செல்லும் டி செல்லும் அந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. யாருக்கு இப்படி மாட்டும் என்பதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமல் வருபவர்களும் ஏராளம். இது தொற்றாது என்பதில் சந்தேகமே வேண்டாம். அப்பா குடித்த டம்ளரைத் தனியாக வைப்பவர்கள் யாராவது இருந்தால், இந்த ஒரு வரியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இதெல்லாம் ஊகமா, உறுதியா என்றால், நடு வளையம் உறுதி. 1970கள் வரை இது தோல் செல்லின் சொந்தக் கோளாறு என்றுதான் பெரும்பாலும் நம்பினார்கள். 1979இல் வேறு நோய்க்காக சைக்ளோஸ்போரின் கொடுக்கப்பட்டவர்களுக்கு சொரியாசிஸ் ஆறியது தற்செயலாகத் தெரிந்தது. டி செல்களை அடக்கும் மருந்து அது. பிறகு டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிகள் வந்தன. 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற உஸ்டெகினுமாப், முதலில் ஐஎல்-12ஐக் குறிவைத்து உருவான மருந்து. ஐஎல்-23க்கும் அதே துண்டு ஒன்று பொதுவாக இருப்பது 2000இல்தான் தெரிந்தது, உண்மையில் பலன் தந்தது ஐஎல்-23ஐத் தடுத்ததுதான் என்பது அதற்கும் பிறகு தெளிந்தது. ஐஎல்-17ஐ நேரடியாகத் தடுக்கும் செகுகினுமாப் 2015இல் வந்தது. அதன் பெரிய ஆய்வுகளில் 12 வாரத்தில் 10 பேரில் சுமார் 8 பேருக்கு நோயின் அளவு முக்கால் பங்கு குறைந்தது. ஒரே ஒரு சேதியை வழிமறித்ததும் தோல் இந்த அளவுக்கு ஆறுகிறது என்பதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். முதல் கண்ணி எது, ஒருவருக்கு 20 வயதிலும் இன்னொருவருக்கு 50 வயதிலும் ஏன் தொடங்குகிறது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

அரிக்கிற, உரிகிற எல்லாத் தோல் நோயும் இதே சேதியில் ஓடுவதில்லை. கரப்பான் என்று நாம் சொல்லும் அடோபிக் எக்ஸிமாவில் முன்னால் நிற்பவை ஐஎல்-4, ஐஎல்-13. இவை தோலின் தடுப்புச் சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தைக் குறைக்கின்றன. ஐஎல்-31 நரம்பையே தொட்டு அரிப்பைக் கிளப்புகிறது. அதற்கு 2017இல் வந்த டுபிலுமாப் என்ற ஊசி வேறு பாதையை அடைக்கிறது. சொரியாசிஸ் ஊசியால் எக்ஸிமா ஆறாது. ஒரு பாதையை அடைத்ததும் மற்றது தலைதூக்கிய நோயாளிகளும் உண்டு. அதனால்தான் நோயின் பெயரைச் சரியாகச் சொல்வது இவ்வளவு முக்கியம், உங்கள் அப்பாவின் உள்ளங்கையைப் பற்றி நான் தயங்குவதும் அதனால்தான். விடியற்காலையில் ஐஸ், உப்புத் தண்ணீர், மீன் செதில், பெட்டியின் விளிம்பு என்று மணிக்கணக்கில் படும் கை அது. அந்த வெடிப்பு சொரியாசிஸாக இருக்கலாம், ஈரத்தாலும் உராய்வாலும் வந்த எக்ஸிமாவாக இருக்கலாம், படர்தாமரையாகவும் இருக்கலாம். இரண்டு கையில் ஒன்றில் மட்டும் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஊசிக்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

சொரியாசிஸே என்றாலும், கை அடிபடும் இடமெல்லாம் புதிதாகக் கிளம்பும் குணம் அதற்கு உண்டு. கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவைத்தார். சுரண்டாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். வெறும் ரப்பர் கையுறை வியர்வையில் ஊறவைத்து இன்னும் கெடுக்கும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் போட வேண்டும். பெட்டி வழுக்கும், வேலைக்கு ஆகாது என்று அப்பா சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் வேலை முடிந்த உடனே நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவட்டும். இது மட்டுமே பாதி வெடிப்பைக் குறைத்த கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். ஐஎல்-17ஐ அடைத்தால் மொத்த எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடாது. அடைபடுவது ஒரு சேதிதான். அது எதைக் காத்ததோ அங்கே கொஞ்சம் இடைவெளி விழும். வாயில் வெள்ளைப் படிவு, தொடை இடுக்கில் கேண்டிடா போன்றவை சிலருக்கு வரும், சர்க்கரை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், பெரும்பாலும் சாதாரண மருந்திலேயே அடங்கும். குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது, நோயை அது கிளப்பிவிடலாம். அப்பாவுக்கு அடிக்கடி ரத்தம் கலந்த பேதி இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

நம் பகுதியில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை காசநோய். நுரையீரலில் எப்போதோ நுழைந்த காசநோய்க் கிருமியை உடம்பு கொல்ல முடியாமல், சுற்றிலும் செல்களை அடுக்கிச் சிறைவைத்திருக்கும். அந்தச் சிறையைக் கட்டிக்காப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரிய பங்கு. ஆகவே அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளால் தூங்கும் காசநோய் எழுவது நன்றாக நிரூபிக்கப்பட்ட ஆபத்து. ஐஎல்-17, ஐஎல்-23 ஊசிகளில் இந்த ஆபத்து மிகவும் குறைவு என்றே இதுவரை வந்த தகவல்கள் காட்டுகின்றன. இருந்தாலும் உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாட்டில், நெருக்கமான தெருக்களில் வாழ்கிறோம். எந்த ஊசியானாலும் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, தூங்கும் காசநோயைக் காட்டும் மான்டூ (தோலில்) அல்லது இக்ரா (ரத்தத்தில்) பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் பார்த்துவிட வேண்டும். காசநோய்க் கிருமி தூங்குவதாகத் தெரிந்தால் தடுப்பு மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டு ஊசிக்கு வரலாம், கதவு மூடிவிடாது. தாத்தாவோ சித்தப்பாவோ ஓட்டேரி ஆஸ்பத்திரியிலோ தாம்பரம் சானடோரியத்திலோ நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் பார்த்தவர்கள் என்றால் அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இந்த இடத்தில் அந்தச் சேதி ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடியது.

அடியோடு போய்விடுமா? போகாது. ஆறி, வழுவழு என்று ஆன தோலுக்குள்ளும் பழைய சண்டையை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அதே இடத்தில் தங்கியிருக்கின்றன. ஊசியை நிறுத்திச் சில மாதங்களில் முன்பு இருந்த அதே முழங்கையில், ஏறக்குறைய அதே எல்லைக்குள் திரும்ப வருவது இதனால்தான். சிலருக்கு நீண்ட காலம் வராமலும் இருக்கிறது. நோய் தொடங்கிய ஆரம்பத்திலேயே பலமாக அடக்கினால் இந்த நினைவு பதியாமல் போகுமா என்று ஆராய்கிறார்கள், நம்பிக்கை தரும் தடயங்கள் உண்டு, முடிவு சொல்லும் கட்டம் வரவில்லை. அப்பாவுக்குப் பல வருஷம் ஆகிவிட்டதால் இது கட்டுப்பாட்டில் வைக்கும் நோய் என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுவதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லையே.

அதனால்தான் செலவு பற்றியும் பேச வேண்டும். தொடர்ந்து போட முடியாத ஊசியைக் கடன் வாங்கித் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் அடாலிமுமாபின் உள்நாட்டு வடிவம் 2014 இறுதியிலேயே வந்து விலையைக் குறைத்தது. ஆனாலும் கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இவை இன்னும் கனமானவையே. ஊசிக்கு முன்னால் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சரியான அளவில், மூன்று நான்கு மாதமாவது பார்த்தார்களா என்று கேளுங்கள். பல பத்தாண்டுகளாகப் பழகிய, விலை குறைந்த மருந்து. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டு வாய் முழுக்கப் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்தான நிலையில் வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையின்மேல் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், கல்லீரல் தாங்காது. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் இதே ஐஎல்-23, ஐஎல்-17 வளையத்தைத் தணிக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து போக வேண்டும், காசிமேட்டுக்காரருக்கு அதுதான் சிக்கல். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே தோல் பிரிவில் ஒருமுறை காட்டி, என்னென்ன வழி உண்டு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இவை சரிவரவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசி மிக நல்ல மருந்து, பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும், "ஒரு ஊசி போட்டால் ஒரு வாரத்தில் போய்விடும்" என்று போடும் ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். ஒரு சேதியைத் தடுப்பதற்குப் பதிலாக எல்லாச் சேதிகளையும் ஒரே அடியாக அமுக்குவது அது. உண்மையாகவே ஒரு வாரத்தில் ஆறும். நிறுத்தியதும் முன்னைவிடப் பல மடங்காகத் திரும்பும். உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாகவோ, தலை முதல் கால் வரை சிவந்து உரிந்தோ, காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படி வந்தவர்களின் வீட்டார் "நல்லா ஆயிடுச்சே டாக்டர், எப்படி இப்படி ஆச்சு" என்று கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "நாட்டு மருந்து" சிலவற்றில் இதே ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தரும் வெட்பாலைத் தைலத்தை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். செதிலை இளக்கி ஆற்றுகிறது என்று பலர் சொல்கிறார்கள், எண்ணெய்ப் பதம் தோலுக்கு நல்லதுதான். ஐஎல்-17 ஊசிக்கு இணையாகப் பெரிய ஆய்வுகள் அதற்கு நடந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் சொல்லிவிட்டுப் பயன்படுத்தட்டும்.

சாப்பாட்டில் கத்திரிக்காய்மேல் குற்றம் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. கருவாட்டு விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. உப்பு கூடினால் ஐஎல்-17 சுரக்கும் டி செல்கள் கூடுகின்றன என்று 2013இல் எலிகளிலும் ஆய்வகத்திலும் காட்டினார்கள். அதை வைத்து ஒரு மனிதரின் சொரியாசிஸ் கருவாட்டால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தத்துக்காகக் குறைக்கலாம், அது வேறு கணக்கு. உறுதியாகத் தெரிந்தவை மூன்று: பீடி சிகரெட், குடி, உடல் பருமன். வயிற்றுக் கொழுப்பும் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற சேதிகளை விட்டுக்கொண்டே இருக்கும், எடை குறைத்தவர்களுக்கு நோயும் தணிந்து மருந்தும் நன்றாக வேலை செய்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மணலிப் புகை பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மாசு கூடும் நாட்களில் தோல் அழற்சி கிளம்புவதாகச் சில ஆய்வுகள் உண்டு, எக்ஸிமாவில் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிகிறது. ஆனால் இவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது அதில் இறங்கியவர்களுக்கு வந்த எரிச்சலும் தடிப்பும் நேரடியாக எண்ணெய் பட்டதால் வருவது, சொரியாசிஸ் வேறு. ஏற்கெனவே சொரியாசிஸ் உள்ளவர் அதில் நின்றிருந்தால், அந்த எரிச்சலே அவருக்குப் புதிய இடங்களைக் கிளப்பியிருக்கலாம். காற்றுச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு சொரியாசிஸ் ஆதாரம் தேவையில்லை, நுரையீரல் போதும்.

கடைசியாக, தம்பி கேட்காத ஒன்று. இதே டிஎன்எஃபும் ஐஎல்-17உம் மூட்டிலும் வேலை செய்யும். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுவாதம் சேர்ந்து வருகிறது. தோல் எத்தனை வருஷம் கழித்தும் ஆறும், அரிக்கப்பட்ட மூட்டு திரும்பாது. மூட்டு பாதித்திருந்தால் ஊசி பற்றிய என் கணக்கே மாறிவிடும், சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பேன். அப்பாவின் நகங்களை வெளிச்சத்தில் பாருங்கள், குண்டூசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு விரல் முழுதாக வீங்கியிருக்கிறதா, குதிகாலில் வலி உண்டா. தூங்கி எழுந்ததும் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா என்று கேளுங்கள். பெட்டி தூக்கும் வேலை, வலி இருக்கத்தானே செய்யும் என்று அவர் தட்டிக்கழிப்பார். வேலை வலி ஓய்வில் குறையும், இந்த வலி ஓய்வுக்குப் பிறகுதான் அதிகம் பிடிக்கும். அப்படி இருந்தால் அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.